புதிய கணக்கப்பிள்ளை: செயற்கை நுண்ணறிவும் கண்டி வர்த்தகரின் கணக்குக் கொப்பியும்

கண்டி நகரின் கொழும்பு வீதியிலும் யட்டிநுவர வீதியிலும், கட்டுகஸ்தோட்டை, அக்குறணை, மடவளை, கம்பளை போன்ற அயல் ஊர்களிலும் வர்த்தகம் செய்யும் நம்மவர்களுக்குக் கணக்கு வைப்பது புதிய விடயமல்ல. நாளாந்தக் கொப்பி, கடன் கொப்பி, செக் கொப்பி ஆகிய மூன்றும் இல்லாத கடை அரிது. இவற்றில் ஒரு பகுதி இப்போது கணினிக்குள் போய்விட்டது. பில் அடிக்கும் இயந்திரம் ஒவ்வொரு விற்பனையையும் பதிகிறது. வட்ஸ்அப்பில் ஓடர்கள் வந்து குவிகின்றன. வங்கி மாதாமாதம் கணக்குக்கூற்று அனுப்புகிறது.

ஆனால் இப்படிச் சேர்ந்த தகவல்களைத் திரும்ப எடுத்துப் பார்ப்பவர்கள் எத்தனை பேர்? பெரும்பாலான கடைகளில் வருட இறுதியில் வரிக் கணக்குக்காகவோ, ஸகாத் கணக்குப் பார்ப்பதற்காகவோ சரக்கை எண்ணும்போதுதான் முதலாளிக்கு உண்மை நிலை தெரிய வருகிறது. எந்தச் சரக்கு ஒரு வருடமாக அசையவில்லை, எந்த வாடிக்கையாளரின் கடன் எல்லை மீறிவிட்டது என்பன அன்றாடம் தெரிந்திருக்க வேண்டியவை. அவை காலங்கடந்தே தெரிய வருகின்றன.

இந்த இடைவெளியை நிரப்பக்கூடிய ஒரு புதிய கணக்கப்பிள்ளை இன்று நம் கைத்தொலைபேசிக்கே வந்துவிட்டார். சட்ஜிபிடி, ஜெமினி, கொப்பைலட், குளோட் என்று பல பெயர்களில் கிடைக்கும் செயற்கை நுண்ணறிவு உதவியாளரைத்தான் குறிப்பிடுகின்றோம். கவிதை எழுதவும் படம் வரையவும் இவற்றைப் பயன்படுத்துவோர் பலர். ஆனால் வர்த்தகருக்கு இவற்றின் உண்மையான பயன் வேறிடத்தில் இருக்கிறது. தரவுகளை ஒழுங்குபடுத்துவதிலும், அவற்றிடம் கேள்வி கேட்டுப் பதில் பெறுவதிலும் இவை பெரிதும் உதவும். அதேவேளை, இந்தக் கணக்கப்பிள்ளை தவறு விட்டால் தயக்கமின்றி, சரளமாகத் தவறு விடுவார். ஆகவே இவரிடம் எந்த வேலையைக் கொடுப்பது, எதைக் கொடுக்கக்கூடாது, கொடுத்த வேலையை எப்படிச் சரிபார்ப்பது என்பதை நாம் அறிந்திருப்பது அவசியமாகும்.

தரவு வேலை என்றால் என்ன?

பெரிய கம்பனிகளில் தரவுப் பொறியியலாளர், தரவுப் பகுப்பாய்வாளர் என்று இரு வகையான பதவிகள் உள்ளன. பெயர்கள் பெரிதாக இருந்தாலும் அக்குறணையிலோ மாத்தளையிலோ மிளகு வாங்கி விற்பவருக்கு இந்த வேலைகள் பழக்கமானவையே. தோட்டத்திலிருந்து வரும் மிளகை அப்படியே மூடையில் கட்டி ஏற்றுமதியாளருக்கு அனுப்ப முடியாது. காய வைக்க வேண்டும், காம்பு, தூசு நீக்க வேண்டும், சல்லடையில் இட்டுத் தரம் பிரிக்க வேண்டும், நிறுத்து மூடையில் அடையாளமிட வேண்டும். தரவுப் பொறியியலாளர் செய்வதும் இதுவே. பல இடங்களிலிருந்து வரும் விற்பனை, கொள்வனவு, வங்கித் தகவல்களைச் சேர்த்து, துப்புரவாக்கி, ஒரே ஒழுங்கில் அடுக்கி வைப்பது அவரது பணி. அடுக்கியதைப் பார்த்து, எதை வாங்கலாம், எதை விற்கலாம் என்று சொல்பவர் பகுப்பாய்வாளர்.

இந்த வேலைக்கு ஒரு நீண்ட வரலாறு உண்டு. 1970இல் ஐ.பி.எம். நிறுவனத்தின் எட்கர் கொட், தகவல்களை அட்டவணைகளாக வைத்து ஒன்றோடொன்று தொடர்புபடுத்தும் முறையை வெளியிட்டார். 1974இல் அதே நிறுவனத்தைச் சேர்ந்த டொனல்ட் சம்பர்லினும் ரேமண்ட் பொய்ஸும் அந்த அட்டவணைகளிடம் கேள்வி கேட்பதற்கான மொழியை உருவாக்கினர். இன்று எஸ்.கியூ.எல். எனப்படும் அம்மொழியே உலகின் பெரும்பாலான வங்கிகளையும் கம்பனிகளையும் நடத்துகிறது. 1979இல் விசிகல்க் என்ற மென்பொருள் வந்தது. எக்செல்லுக்கு மூத்த சகோதரர் அதுவே. சிறிய கடைக்காரருக்கும் அட்டவணைக் கணக்கு எட்டியது அதன் பின்னர்தான்.

எனினும் எஸ்.கியூ.எல். மொழியைக் கற்றவரே கேள்வி கேட்க முடியும் என்ற நிலை சுமார் ஐம்பது வருடங்கள் நீடித்தது. 2022 நவம்பர் இறுதியில் சட்ஜிபிடி வெளிவந்தது. 2023 ஜுலையில், கட்டணம் செலுத்துவோர் எக்செல் கோப்பையே அதனிடம் கொடுத்துக் கேள்வி கேட்கும் வசதி வந்தது. நாம் சாதாரண மொழியில் கேட்கின்றோம். அது தானே நிரல் எழுதி, இயக்கி, விடையைத் தருகிறது. இன்று இவ்வாறான வசதி பல உதவியாளர்களில் கிடைக்கிறது. வரையறுக்கப்பட்ட அளவில் இலவசமாகவும், கூடுதலாகப் பயன்படுத்துவோருக்கு மாதம் 20 அமெரிக்க டொலர் அளவிலும் இவற்றைப் பெறலாம்.

நமக்கு இது ஏன் அவசரம்?

2022ஆம் ஆண்டை எந்த வர்த்தகரும் மறந்திருக்க மாட்டார். மார்ச் மாத ஆரம்பத்தில் டொலருக்கு 200 ரூபா அளவில் இருந்த நாணய மாற்று விகிதம் மே மாதத்தில் 360 ரூபாவை எட்டியது. கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி பணவீக்கம் செப்டெம்பரில் 69.8 வீதமாகியது. அந்தக் காலத்தில் நன்றாக விற்றும் முதலை இழந்தவர்கள் இருக்கின்றார்கள். 1,000 ரூபாவுக்கு வாங்கிய பொருளை 1,200 ரூபாவுக்கு விற்றவர் 200 ரூபா இலாபம் என்று எண்ணினார். அதே பொருளைத் திரும்ப வாங்கப் போனபோது விலை 1,500 ரூபா. கொப்பியில் இலாபம், கையிலோ 300 ரூபா குறை. கொள்வனவு விலையும் மீள்கொள்வனவு விலையும் பொருள் வாரியாகப் பக்கத்தில் பக்கத்தில் இருந்திருந்தால் இந்த ஓட்டையை முன்கூட்டியே கண்டிருக்கலாம்.

வரி விடயமும் அவ்வாறானதே. 2024 ஜனவரி முதலாம் திகதி வற் வரி 15 வீதத்திலிருந்து 18 வீதமாக உயர்த்தப்பட்டது. அதே தினத்தில் பதிவு செய்ய வேண்டிய எல்லை வருடாந்தம் 80 மில்லியன் ரூபாவிலிருந்து 60 மில்லியனாகக் குறைக்கப்பட்டது. 2026 வரவு செலவுத் திட்டத்தில் இதனை 36 மில்லியனாகக் குறைக்க முன்மொழியப்பட்டது. 36 மில்லியன் என்றால் மாதம் 30 இலட்சம். மாதத்துக்கு 26 நாட்கள் கடை திறந்தால் நாளொன்றுக்குச் சுமார் 1 இலட்சத்து 15 ஆயிரம் ரூபா. இந்த அளவு வியாபாரம் நடுத்தரக் கடைகள் பலவற்றில் நடக்கக்கூடியதே. வரிக்குட்பட்ட விற்பனை எவ்வளவு, விலக்களிக்கப்பட்ட பொருட்களின் விற்பனை எவ்வளவு என்று பிரித்துக் காட்ட முடியாதவர் சிரமப்படுவார். தற்போது உங்களுக்குப் பொருந்தும் எல்லை எது என்பதைக் கணக்காளரிடம் உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள். பிரித்துப் போடும் உழைப்பை மட்டும் புதிய கணக்கப்பிள்ளையிடம் விடலாம்.

எவ்வாறான வேலைகளைக் கொடுக்கலாம்?

ஒரு பேச்சுக்குக் கட்டுகஸ்தோட்டையில் ஒரு மொத்த வியாபாரி இருக்கிறார் என வைத்துக்கொள்வோம். அவரிடம் பில் இயந்திரத்திலிருந்து எடுத்த ஒரு வருட விற்பனைக் கோப்பு இருக்கிறது. உதவியாளரிடம் அவர் பின்வருமாறு கேட்கலாம்.

“கடந்த 90 நாட்களில் ஒரு தடவையேனும் விற்காத பொருட்கள் எவை? அவற்றில் முடங்கியுள்ள முதல் எவ்வளவு?” இந்த ஒரு கேள்விக்கான விடையே பல கடைகளின் நிலையை மாற்றும். ஐந்து இலட்சம் ரூபா முதல் அசையாத சரக்கில் தூங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். அந்த முதல் 8 வீத இலாபத்தில் வருடத்துக்கு ஆறு முறை சுழன்றால் 2 இலட்சத்து 40 ஆயிரம் ரூபா வந்திருக்கும். தூங்கும் சரக்கின் உண்மையான விலை அதுதான்.

“எனக்கு வர வேண்டிய கடன்களை 30 நாள், 60 நாள், 90 நாள், அதற்கு மேல் என்று பிரித்துக் காட்டு.” “அடுத்த ஆறு வாரங்களில் நான் கொடுத்த செக்குகள் எந்தெந்தத் திகதிகளில் வங்கிக்குப் போகும்? எனக்குக் கிடைத்தவை எந்தத் திகதிகளில் மாறும்? எந்த வாரத்தில் பணம் போதாமற் போகும்?” திகதி போட்ட செக்கிலேயே வியாபாரம் ஓடும் நமது சந்தையில் இந்தக் கடைசிக் கேள்வி மானப் பிரச்சினையுடன் சம்பந்தப்பட்டது என்பதைச் சொல்லத் தேவையில்லை.

வழங்குநர்கள் தமிழிலும் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் அனுப்பும் விலைப்பட்டியல்களை ஒரே அட்டவணையாக மாற்றுதல், வங்கிக் கூற்றையும் செக் கொப்பியையும் ஒப்பிட்டு விடுபட்டவற்றைக் கண்டுபிடித்தல், எக்செல்லுக்கான சூத்திரம் எழுதித் தருதல் என்பனவும் இவர் நன்றாகச் செய்யக்கூடிய வேலைகளே. முன்பு இரண்டு மூன்று நாட்கள் எடுத்த வேலை ஒரு மணித்தியாலத்தில் முடியும்.

நம்மூர்த் தரவுகளின் சிக்கல்கள்

இந்த உதவியாளர்கள் பெரும்பாலும் ஆங்கில உலகின் எழுத்துக்களிலிருந்து பயிற்றப்பட்டவர்கள். நமது கடைகளின் வழக்கங்கள் அவர்களுக்குத் தாமாகத் தெரியா. ஆகவே பின்வரும் ஐந்து விடயங்களில் விசேட கவனம் தேவை.

முதலாவது, பெயர்கள். முஹம்மத் என்ற ஒரே பெயரை நம்மவர்கள் ஆங்கிலத்தில் நான்கைந்து விதமாக எழுதுகின்றனர். பாரூக், பாறூக், பாருக், ஃபாரூக் எல்லாம் ஒருவராக இருக்கலாம். நான்கு பேராகவும் இருக்கலாம். முதலெழுத்துக்களும் அப்படியே. ஓர் ஊரில் ஒரே முதலெழுத்தும் ஒரே பெயரும் கொண்ட இருவர் இருப்பது சாதாரணம். “ஒரே ஆட்களை ஒன்றாகச் சேர்த்துவிடு” என்று உதவியாளரிடம் சொன்னால் அது எழுத்து ஒற்றுமையைப் பார்த்துச் சேர்த்துவிடும். விளைவு, ஒருவரின் கடன் மற்றவரின் தலையில் விழும். கடனே இல்லாத ஒருவரிடம் ஆள் அனுப்பிக் கேட்டால் முப்பது வருடப் பழக்கமும் அன்றோடு முடியும். இதற்கு மருந்து எளிது. ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும் கடையின் சொந்த இலக்கம் ஒன்றைக் கொடுத்து, பில்லில் அந்த இலக்கத்தையே பதியுங்கள். பழைய கணக்குகளில் சேர்க்கக்கூடிய பெயர்களைப் பட்டியலாக மட்டும் கேளுங்கள். சேர்ப்பதா இல்லையா என்று நீங்களே தீர்மானியுங்கள்.

இரண்டாவது, பொருட்களின் பெயர்கள். ஒரே கடையின் பில்லில் மிளகு, பெப்பர், கம்மிரிஸ் என்று மூன்று பெயர்கள் இருந்தால் கணினிக்கு அவை மூன்று பொருட்கள். பில் அடிக்கும் பையன் மாறும்போதெல்லாம் புதிய பெயர் பிறக்கும். எல்லாவற்றையும் ஒரு பெயருக்குக் கொண்டுவருவதில் உதவியாளர் கெட்டிக்காரர். ஆனால் வெள்ளை மிளகையும் கறுப்பு மிளகையும் ஒன்றாக்கிவிடவும் கூடும். ஒரு முறை நீங்கள் கண்ணால் பார்த்துத் திருத்திய பெயர்ப் பட்டியலைத் தனிக் கோப்பாக வைத்துக்கொண்டு, பின்னர் எப்போதும் அதையே பயன்படுத்தச் சொல்லுங்கள்.

மூன்றாவது, அளவைகள். புடவை வியாபாரத்தில் யாரும் மீற்றரும் கலந்து ஓடுகின்றன. ஒரு யார் என்பது 0.9144 மீற்றர். 100 யாரை 100 மீற்றர் என்று பதிந்தால் சரக்கில் எட்டரை மீற்றர் காற்றில் போய்விடும். அந்த வியாபாரத்தின் இலாபமே சில வேளை அவ்வளவுதான். வாசனைத் திரவியத்தில் கிலோவும் அந்தரும், ஹார்ட்வெயாரில் அடியும் அங்குலமும் மில்லிமீற்றரும் இவ்வாறே. அளவைக்கென்று தனி நிரல் இல்லாத கோப்பை எவரிடமும் கொடுக்காதீர்கள்.

நான்காவது, எழுத்துரு. இலங்கையில் தமிழில் தட்டச்சு செய்தவர்களுள் பலர் நீண்ட காலம் பாமினி எழுத்துருவையே பயன்படுத்தினர். அந்தக் கோப்பில் நம் கண்ணுக்குத் தமிழ் தெரிந்தாலும் உள்ளே சேமிக்கப்பட்டிருப்பது ஆங்கில எழுத்துக்களே. உதவியாளருக்கு அது பொருளற்ற எழுத்துக் குவியலாகத் தெரியும். சில வேளை பொருள் கற்பித்துச் சொல்லியும்விடும். பழைய பட்டியல்களை முதலில் யுனிகோட்டுக்கு மாற்றிய பின்னரே கொடுக்க வேண்டும். கையால் எழுதிய கொப்பியைப் படம் பிடித்துக் கொடுத்தாலும் வாசிக்கும். ஆயினும் 1ஐ 7 என்றும் 0ஐ 6 என்றும் வாசித்தால் அது உங்கள் பணம். திகதியிலும் அவதானம் தேவை. 03/04 என்பது நமக்கு ஏப்ரல் 3. அமெரிக்க வழக்கில் அது மார்ச் 4. செக் திகதியில் இது நடந்தால் என்னவாகும் என்பதை ஊகித்துக்கொள்ளலாம்.

ஐந்தாவது, நாட்காட்டி. இது நமது வர்த்தகத்துக்கே உரிய முக்கியமான விடயம். மென்பொருட்கள் வழக்கமாக இந்த வருட ஏப்ரலைக் கடந்த வருட ஏப்ரலுடன் ஒப்பிடும். சித்திரைப் புத்தாண்டு எப்போதும் ஏப்ரல் நடுப்பகுதியில் வருவதால் அதற்கு இது பொருந்தும். ஆனால் சந்திர வருடம் ஏறத்தாழ 11 நாட்கள் குறைந்தது. நோன்புப் பெருநாள் 2023இல் ஏப்ரல் 22ஐ ஒட்டி, புத்தாண்டுக்குப் பின்னர் வந்தது. 2024இல் ஏப்ரல் இரண்டாவது வாரத்தில், புத்தாண்டுக்குச் சற்று முன்னர் வந்தது. இரண்டு பெருநாள் வியாபாரமும் ஒரே வாரத்தில் குவிந்தது. 2025இல் மார்ச் இறுதியிலும், 2026இல் மார்ச் மூன்றாம் வாரமளவிலும் என்று பின்னால் நகர்ந்துகொண்டே போகிறது. 2024 ஏப்ரலையும் 2025 ஏப்ரலையும் ஒப்பிட்டால் “புடவை விற்பனை சரிந்துவிட்டது, கொள்வனவைக் குறையுங்கள்” என்றுதான் கணினி சொல்லும். உண்மையில் விற்பனை சரியவில்லை, மார்ச்சுக்கு இடம் மாறியிருக்கிறது. கண்டிப் பெரஹராவும் ஜுலை, ஒகஸ்ட் மாதங்களில் பௌர்ணமியை ஒட்டி வருடாவருடம் திகதி மாறுகிறது. ஆகவே ரமழான் ஆரம்பம், இரு பெருநாட்கள், புத்தாண்டு, பெரஹரா ஆகியவற்றின் திகதிகளைக் கடந்த ஐந்து வருடங்களுக்கு ஒரு அட்டவணையாக எழுதி, விற்பனைக் கோப்புடன் சேர்த்துக் கொடுங்கள். “மாதத்தை மாதத்துடன் ஒப்பிடாதே, பெருநாளுக்கு முந்திய நான்கு வாரங்களை அதே நான்கு வாரங்களுடன் ஒப்பிடு” என்று சொல்லுங்கள். இந்த அறிவு எந்த மென்பொருளிலும் தானாக வராது. அது உங்களிடம்தான் இருக்கிறது.

பெரிய இடங்களில் நடந்த தவறுகள்

தரவு வேலையில் சறுக்குவது சிறியவர்கள் மட்டுமல்ல. 2020 ஒக்டோபரில் பிரித்தானியாவின் பொதுச் சுகாதார அமைப்பு 15,841 கொரோனா நோயாளிகளின் விபரங்களை உரிய நேரத்தில் கணக்கில் சேர்க்கத் தவறியமை தெரிய வந்தது. காரணம், பழைய வகை எக்செல் கோப்பு. அதில் 65,536 வரிகளுக்கு மேல் இடமில்லை. நிரம்பியதும் மிச்சம் வெளியே விழுந்தது. எவருக்கும் எச்சரிக்கை வரவில்லை. நமது பழைய பில் மென்பொருட்கள் சிலவும் இதே பழைய வகைக் கோப்பைத்தான் தருகின்றன. நாளொன்றுக்கு 200 வரிகள் பதியும் கடைக்கு ஏறத்தாழ ஒரு வருடத்தில் இந்த எல்லை வந்துவிடும்.

செயற்கை நுண்ணறிவு தொடர்பான சம்பவம் 2025 ஜுலையில் நடந்தது. அமெரிக்காவில் ஜேசன் லெம்கின் என்ற முதலீட்டாளர் ரெப்லிட் என்ற நிறுவனத்தின் உதவியாளரைக் கொண்டு மென்பொருள் ஒன்றை உருவாக்கிக்கொண்டிருந்தார். எதையும் மாற்றக்கூடாது என்று அறிவுறுத்தியிருந்த வேளையில், 1,200க்கு மேற்பட்ட நிறுவன அதிகாரிகளின் விபரங்கள் அடங்கிய தரவுத்தளத்தை அந்த உதவியாளர் அழித்துவிட்டது. மீட்க முடியாது என்றும் கூறியது. பின்னர் பார்த்தபோது மீட்க முடிந்தது. ரெப்லிட்டின் தலைவர் அம்ஜத் மஸாத் பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டு, பரீட்சார்த்தத் தரவையும் உண்மைத் தரவையும் வேறாக்கும் ஏற்பாட்டை அறிவித்தார்.

இந்தச் சம்பவத்தில் நமக்குப் பாடம் இரண்டு. அசல் கோப்பை இந்தக் கணக்கப்பிள்ளையின் கையில் கொடுக்கக்கூடாது, பிரதியை மட்டுமே கொடுக்க வேண்டும். அடுத்தது, “முடிந்தது”, “முடியாது” என்று அவர் உறுதியாகச் சொல்வதை அப்படியே ஏற்கக்கூடாது.

சரிபார்க்கும் முறை

பழைய காலத்துக் கணக்கப்பிள்ளைமார் பக்கத்தின் அடியில் கூட்டுத்தொகை எழுதி, அடுத்த பக்கத்தின் தலையில் அதையே மீண்டும் எழுதினர். அந்த ஒழுக்கமே இங்கும் தேவை.

கோப்பைக் கொடுக்க முன்னர் அதில் எத்தனை வரிகள், மொத்த விற்பனை எவ்வளவு என்று ஒரு துண்டில் எழுதி வையுங்கள். உதவியாளர் துப்புரவாக்கித் தந்த பின்னர் அவ்விரண்டையும் மீண்டும் பாருங்கள். வித்தியாசம் இருந்தால் காரணத்தை வரி வரியாகக் கேளுங்கள். காரணம் திருப்தி தராவிட்டால் அந்த வேலையை வீசிவிடுங்கள்.

விடையை மட்டும் கேட்காமல், எந்தச் சூத்திரத்தால் கணக்கிட்டது என்பதையும் கேளுங்கள். சூத்திரத்தை எக்செல்லில் போட்டு நீங்களே இயக்கிப் பார்க்கலாம். மனக்கணக்காகச் சொல்லும் விடையைவிட நிரல் எழுதி இயக்கிப் பெறும் விடை நம்பகமானது. அடுத்து, பத்து பில்களைக் கண்ணை மூடிக்கொண்டு எடுத்து, அவை அட்டவணையில் சரியாக இருக்கின்றனவா என்று கையால் ஒப்பிடுங்கள். பத்தில் ஒன்று பிழைத்தாலும் மொத்தத்தை நம்ப வேண்டாம்.

எல்லாவற்றுக்கும் மேலாக, உங்கள் வியாபாரப் புத்திக்கு ஒவ்வாத விடை வந்தால் அங்கேயே நில்லுங்கள். முப்பது வருடம் கடையில் இருந்தவருக்கு எந்தச் சரக்கு ஓடும் என்பது தெரியும். சில வேளை கணினி சொல்வது சரியாகி, நமது எண்ணம் பழையதாகிப் போயிருக்கவும் கூடும். எது சரி என்பதை பில்லைப் பார்த்தே தீர்மானிக்க வேண்டும்.

வாடிக்கையாளரின் இரகசியம்

கடன் கொப்பி என்பது அமானிதம். யார் எவ்வளவு கடன்பட்டிருக்கிறார் என்பது கடைக்காரருக்கும் அவருக்கும் இடையிலான விடயம். அந்தக் கொப்பியைப் படம் பிடித்து வெளிநாட்டுச் சேவையொன்றுக்கு அனுப்புவது சாதாரண காரியமல்ல. 2023இல் சம்சுங் நிறுவன ஊழியர்கள் கம்பனியின் இரகசிய நிரல்களை சட்ஜிபிடியில் இட்டமை தெரிய வந்ததும், அந்நிறுவனம் இவ்வகை உதவியாளர்களைத் தனது ஊழியர்கள் பயன்படுத்துவதைத் தடை செய்தது.

இலங்கையிலும் 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் நிறைவேற்றப்பட்டுள்ளது. பிறருடைய தகவல்களை வைத்திருப்பவருக்கு அவற்றைப் பாதுகாக்கும் கடமை உண்டு என்பதே அதன் சாரம். எனவே பெயர், அடையாள அட்டை இலக்கம், தொலைபேசி இலக்கம், வங்கிக் கணக்கு இலக்கம் ஆகிய நிரல்களை நீக்கிவிட்டு, கடையின் வாடிக்கையாளர் இலக்கத்தை மட்டும் விட்டு உதவியாளரிடம் கொடுங்கள். கணக்குக்குப் பெயர் தேவையில்லை. விடை வந்த பின்னர் பெயரை நீங்களே சேர்த்துக்கொள்ளலாம். நாம் இடும் தகவல்களைப் பயிற்சிக்குப் பயன்படுத்தாதவாறு நிறுத்தும் தெரிவு பல உதவியாளர்களின் அமைப்புப் பகுதியில் உள்ளது. அதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

பிரதி வைத்திருக்கிறீர்களா?

கண்டி மாவட்ட வர்த்தகருக்கு இந்தக் கேள்வி மிகவும் கனமானது. 2018 மார்ச்சில் திகன, தெல்தெனிய, அக்குறணைப் பகுதிகளில் நமது கடைகளும் வீடுகளும் தாக்கப்பட்டு எரிக்கப்பட்டன. அக்குறணை நகரம் பிங்கா ஓயா பெருக்கெடுக்கும்போதெல்லாம் நீரில் மூழ்குகிறது. 2025 நவம்பர் இறுதியில் டித்வா சூறாவளி வந்தபோது மிக மோசமாகப் பாதிக்கப்பட்ட மாவட்டங்களுள் கண்டியும் ஒன்று. கடை போனால் கட்டலாம். ஆனால் கணக்கும் சேர்ந்து போனால் எவ்வளவு சரக்கு இருந்தது என்று காப்புறுதிக்கோ இழப்பீட்டுக்கோ எதைக் காட்டுவது? யார் எவ்வளவு தர வேண்டும் என்று எப்படிக் கேட்பது?

அரசாங்கமே இதில் தவறியிருக்கிறது. 2023இல் லங்கா அரசாங்க மேகக் கணினி அமைப்பின் மீது நடந்த கப்பம் கோரும் தாக்குதலில், மே 17 முதல் ஒகஸ்ட் 26 வரையான அரச மின்னஞ்சல்கள் இழக்கப்பட்டன. அக்காலத்துக்குரிய பிரதி இருக்கவில்லை. சுமார் 5,000 மின்னஞ்சல் கணக்குகள் பாதிக்கப்பட்டன.

வாரத்துக்கு ஒரு முறை விற்பனைக் கோப்பு, கடன் பட்டியல், சரக்கு இருப்பு ஆகிய மூன்றையும் ஒரு பென் டிரைவில் எடுத்து வீட்டிலும், இன்னொன்றை இணையச் சேமிப்பிலும் வையுங்கள். கடையும் வீடும் ஒரே கட்டடத்தில் இருந்தால் வேறூரில் உள்ள உறவினரிடம் ஒன்றைக் கொடுங்கள். செயற்கை நுண்ணறிவைத் தொடாதவருக்கும் இது கட்டாயமாகும்.

யாரை அணுகுவது?

தனி உதவியாளர் வேண்டாம், கணக்கு மென்பொருளுடன் சேர்ந்தே வேண்டும் என்போருக்கும் வழி உண்டு. 1996இல் ஆரம்பிக்கப்பட்ட ஸோஹோ நிறுவனம் தமிழ்நாட்டின் தென்காசி போன்ற சிற்றூரிலும் அலுவலகம் நடத்தி, கணக்கு, சரக்கிருப்பு, பகுப்பாய்வு மென்பொருட்களை உலகெங்கும் விற்கிறது. ஸியா என்ற உதவியாளர் அவற்றுள் உண்டு. 2025 ஜுலையில் அந்நிறுவனம் தனது சொந்த மொழி மாதிரியையும் வெளியிட்டது. சிறிய ஊரிலிருந்து இந்த வேலையைச் செய்யலாம் என்பதற்கு அது நல்ல உதாரணம்.

நமது பிள்ளைகளுக்கும் இதில் இடமிருக்கிறது. பேராதனைப் பல்கலைக்கழகத்தில் கணினிப் பொறியியலும் புள்ளிவிபரவியலும் கற்பிக்கப்படுகின்றன. நிரல் எழுதும் உழைப்பில் ஒரு பகுதியை இயந்திரம் எடுத்துக்கொண்டதால் இத்துறையே முடிந்துவிட்டது என்று சிலர் பயமுறுத்துகின்றனர். அது சரியல்ல. எழுதியதைச் சரிபார்ப்பவருக்கும், வியாபாரத்தின் கேள்வியைப் புரிந்துகொள்பவருக்கும் தேவை குறையவில்லை. ஊரில் இத்துறை படித்த ஒரு பிள்ளைக்கு நியாயமான கூலி கொடுத்து, ஒரு மாதம் கடைக் கணக்கை ஒழுங்குபடுத்தச் சொல்லுங்கள். அவருக்கு அனுபவம், உங்களுக்கு அடுக்கிய கணக்கு. வங்கிக் கடவுச்சொல்லை மட்டும் எவரிடமும் கொடுக்க வேண்டாம்.

எங்கே ஆரம்பிப்பது?

எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்ற முனைய வேண்டாம். முதல் வாரம் வாடிக்கையாளருக்கும் பொருளுக்கும் இலக்கமிட்டு, அளவை நிரலையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இரண்டாம் வாரம் பிரதி எடுக்கும் பழக்கத்தை ஆரம்பியுங்கள். மூன்றாம் வாரம் பெயர்களை நீக்கிய மூன்று மாத விற்பனைக் கோப்பைக் கொடுத்து, விடை உங்களுக்கு ஏற்கனவே தெரிந்த ஒரு கேள்வியைக் கேளுங்கள். தெரிந்த கேள்வியில் தேறினால் மட்டும் நான்காம் வாரம் தெரியாத கேள்விக்குப் போங்கள். புதிதாகச் சேர்ந்த கணக்கப்பிள்ளையை நமது பெரியவர்கள் முதல் நாளே பணப்பெட்டியில் உட்கார வைக்கவில்லை. சில காலம் பக்கத்தில் இருத்திப் பார்த்தார்கள். இவரையும் அவ்வாறே நடத்துவோம்.